அடி விழுந்தால் ஆக்சிஜன்

மூச்சு டாக்டரை முதன்முதலில் அடித்தது ஒரு தாய்மாமன். நல்ல மனிதர்தான். அடிப்பதற்குச் சற்று முன்புவரை டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சார் எங்களுக்குக் கடவுள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலிண்டரில் ஆக்சிஜன் தீர்ந்தது. குழந்தை இறந்தது. கடவுளின் கன்னத்தில் விழுந்த அறையில் மூக்குக்கண்ணாடி உடைந்து, ஒரு சில்லு மருந்துத் தட்டிலும் இன்னொரு சில்லு புருவத்திலும் போய்த் தங்கின. அடுத்து சித்தப்பா வந்தார். சித்தப்பா வெறுங்கையோடு வரவில்லை, நாற்காலியோடு வந்தார்.

குழந்தைகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கும் பழக்கம் இருந்ததால் தாய்மார்கள் வைத்த பெயர்தான் மூச்சு டாக்டர். பணக்கார நாடு ஒன்றில், பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அங்கே ஆக்சிஜன் சுவரிலிருந்து வரும். தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோலத் திறந்தால் போதும். சொந்த நாட்டுப் பிள்ளைகளும் அப்படி மூச்சு விட வேண்டும் என்று ஆசைப்பட்டுத் திரும்பி வந்தார். இங்கே சுவரிலிருந்து ஈரம் மட்டும் வந்தது. குழந்தைகள் வார்டு முழுவதற்கும் இருந்தது ஒரே சிலிண்டர். அதன் வாயில் ரப்பர் குழாய்களைச் சொருகி, பசை நாடா சுற்றி, கிளை கிளையாகப் பிரித்து, கட்டில் கட்டிலாக இழுத்திருந்தார்கள். ஒரு குழந்தை இழுத்து மூச்சு விட்டால் அடுத்த கட்டில் குழந்தைக்குக் குறையும்.

புருவத்திலிருந்து சில்லை எடுத்தது அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"அங்க பனியில வழுக்கி விழுந்தப்ப என்ன சொன்னீங்க? ஊருக்குப் போயிட்டா கீழ விழுற தொல்லையே இருக்காதுன்னு."

"விழலையே. தள்ளிவிட்டாங்க."

"அசையாதீங்க. கண்ணுக்குப் பக்கத்துல இருக்கு."

மறுநாள் டாக்டர் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார். அந்த ஆஸ்பத்திரியிலேயே காற்று நன்றாக வருகிற அறை அது ஒன்றுதான்.

"ரொம்ப வலிக்குதா?" என்றார் கண்காணிப்பாளர்.

"சிலிண்டர் வேணும் சார்."

"நான் வலியப் பத்திக் கேட்டேன்."

"சிலிண்டர் இருந்திருந்தா இந்த வலியே வந்திருக்காது சார்."

கண்காணிப்பாளர் முன்னால் சாய்ந்தார். "இல்லாத சிலிண்டரால எப்படி அடிச்சாங்க?"

டாக்டர் முதலிலிருந்து விளக்கினார். நிமோனியா வந்த குழந்தையின் நுரையீரலில் சளி நிரம்பும், அது தெளிகிறவரைக்கும் ஆக்சிஜன் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், கொடுக்காவிட்டால் நீலம் பாரித்துப் போய்விடும் என்றார். கண்காணிப்பாளர் மிகுந்த அக்கறையோடு கேட்டுவிட்டு, டாக்டரின் வீங்கிய கன்னத்தைத் தன் போனில் படம் எடுத்து, சுகாதாரத் துறைச் செயலாளருக்கு அனுப்பினார்.

குழந்தைகள் செத்தபோதெல்லாம் எட்டிப் பார்க்காத தலைமையகம், ஒரு கன்னம் வீங்கியதும் அலறிப் புடைத்துக்கொண்டு வந்தது. செயலாளரின் காருக்குப் பின்னால் ஒரு வெள்ளை ஆம்புலன்ஸும் வந்து நின்றது. உள்ளே புத்தம்புது சிலிண்டர்கள், முகமூடிகள், குட்டிக் குட்டி விளக்குகள் எரிகிற ஒரு மெஷின். மூச்சு டாக்டர் ஆம்புலன்ஸின் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றுவிட்டார். பசித்தவன் பலகாரக் கடை வாசலில் நிற்பானே, அந்த மாதிரி.

"ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஆம்புலன்ஸ் டிரைவரைக் கேட்டார்.

"ஐயா கல்லு மாதிரி இருக்காரு. பதவி அப்படி. இது கூடவே வரணும்."

"உள்ள ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறுது. ஒரே ஒரு சிலிண்டர்..."

"ஐயா மேல ஒரு கீறல் விழுந்தா கதவத் திறப்பேன். வேற எதுக்கும் திறந்தா என் கதை முடிஞ்சுது டாக்டர்."

செயலாளர் வார்டுக்குள் வந்தார். குழந்தைகள் பக்கம் அவர் திரும்பவில்லை. கூட வந்த ஓர் அதிகாரி அங்குல நாடாவால் டாக்டரின் கன்னத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தார். போகிற வழியில் டாக்டரின் தலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய சைஸ்" என்றார்.

ஒரு வாரத்தில் ஹெல்மெட் வந்தது.

ஹெல்மெட்டை மாட்டினால் ஸ்டெதஸ்கோப் காதுக்குள் நுழையவில்லை, கழற்றினால் விதிமீறல். அதனால் குழந்தையின் மூச்சை டாக்டருக்குப் பதிலாகப் பெரிய சிஸ்டர் கேட்டுச் சொன்னார். அவர்தான் அந்த வார்டின் தலைமை நர்ஸ். ஹெல்மெட்டுக்குள் எட்டும்படி அவர் கத்திய கத்தலில் தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. இறந்துபோன ஒரு பையனின் மாமனோ வந்த வேகத்தில் ஹெல்மெட்டின் மேலேயே ஓங்கிக் குத்தினான். குத்தியதில் அவன் விரல் எலும்புகள் முறிந்தன. பிள்ளையையும் பறிகொடுத்து விரலையும் பறிகொடுத்த ஆத்திரத்தில், கூட வந்தவர்கள் ஜன்னலையும் மேசையையும் மருந்து அலமாரியையும் நொறுக்கினார்கள். பெரிய சிஸ்டர் ஒரு கைக்குழந்தையை அள்ளிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தார். அவர் முதுகில் கண்ணாடித் தூள் மழையாகக் கொட்டியது.

செயலாளர் மறுபடி வந்தார். இம்முறை முகம் கடுகடுவென்று இருந்தது.

"பொதுமக்கள் கையை உடைக்கிற அளவுக்கு உங்களுக்கு என்ன டாக்டர் கோபம்?"

"நான் சும்மாதான் சார் நின்னேன். தலை மட்டும்தான் இருந்தது."

"அதான் பிரச்சினை. அடிக்கிறவனுக்கும் ஒழுங்கு இல்ல, வாங்குறவருக்கும் ஒழுங்கு இல்ல. நாங்க ஒழுங்கு பண்றோம்."

வார்டுக்கு எதிரே, சலவை அறை இருந்த இடத்தில், சில மாதங்களில் ஒரு கட்டடம் முளைத்தது. வழவழப்பான தரை, கழுவினால் ரத்தம் போகிற சுவர், மெத்தை போட்ட கட்டில். 'உறவினர் உணர்ச்சி வெளியீட்டுப் பிரிவு' என்று பெயர்ப் பலகை மாட்டினார்கள். ஜனங்கள் 'அடி வார்டு' என்றார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பெரிய ஆக்சிஜன் சிலிண்டர்கள் பளபளவென்று நின்றன.

மூச்சு டாக்டர் கண்ணாடித் தடுப்பில் உள்ளங்கையை வைத்தார். "கடைசியில வந்துட்டுதா சார்?"

"வந்துட்டுது. உங்களுக்குத்தான்" என்றார் கண்காணிப்பாளர். "அடி வாங்கின டாக்டருக்கு முதலுதவி. முதல் நிலைன்னா அறை, குத்து, தள்ளு. அதுக்குக் களிம்பு. இரண்டாம் நிலைன்னா ரத்தம் கண்ணுக்குத் தெரியணும். அதுக்கு ஆக்சிஜன்."

"குழந்தைகளுக்கு?"

"குழந்தைகள யாரு சார் அடிக்கப் போறா?"

திறப்பு விழாவில் செயலாளர் பேசினார். "நம்ம நாட்டுல குழந்தைகள் சாகறாங்க. அதுக்கு ஆயிரம் காரணம். டாக்டர்கள் அடி வாங்கறாங்க. அதுக்கு ஒரே காரணம், குழந்தைகள் சாகறது. ஆயிரம் காரணத்தைச் சரி பண்ணணும்னா வேலை செய்யணும். அடியைச் சரி பண்ணணும்னா கட்டடம் கட்டினா போதும். நாங்க படிச்சவங்க. எது சுலபமோ அதைத் தேர்ந்தெடுத்தோம்."

கைதட்டல் அடங்கியதும் ரிப்பன் வெட்டினார். பிறகு முதல் அடியை அவரே அடித்துத் தொடங்கிவைத்தார். போட்டோக்காரருக்குப் படம் சரியாக விழவில்லை. "டாக்டர், கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க" என்றார். செயலாளர் மறுபடி அடித்தார். படத்தில் தானும் இருக்க வேண்டும் என்று கண்காணிப்பாளர் ஒன்று வைத்தார். அங்குல நாடா அதிகாரி ஒன்று வைத்தார். பந்தல் போட்டவரும் ஒன்று வைத்துவிட்டுப் போனார். விழா முடிந்தபோது டாக்டரின் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. திறப்பு விழா அடி எந்த நிலையிலும் சேராது என்பதால் களிம்புகூடக் கிடைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் டயர்க்காரர் தன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

லாரி டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிறவர். கை ஒவ்வொன்றும் தேக்கு மரம். அந்தக் கைக்குள் இன்னும் நடக்கத் தொடங்காத பாப்பா, பழந்துணி மாதிரி துவண்டு கிடந்தாள். விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது. பின்னால் அவர் மனைவி ஓடிவந்தாள். அவளை ஊதினால் பறந்துவிடுவாள் போலிருந்தது.

வார்டு சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. புதியது எப்போது வரும் என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்று பதில் வந்திருந்தது. பாப்பாவின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. மூச்சு டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தார். பாப்பாவின் நெஞ்சில் காதை வைத்தார். எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்.

"ஐயா, என்னை அடிங்க" என்றார் டயர்க்காரரிடம்.

டயர்க்காரர் இரண்டு அடி பின்வாங்கினார். "என்ன டாக்டர் சொல்றீங்க?"

"ரத்தம் வர்ற மாதிரி அடிங்க. சீக்கிரம்."

எல்லோரும் அடி வார்டு வாசலுக்கு ஓடினார்கள். காவலாளி குறுக்கே கை நீட்டினார்.

"இறந்த பிள்ளையோட சொந்தக்காரங்களா?"

"பிள்ளை உயிரோட இருக்கு" என்றார் டாக்டர்.

"அப்புறம் எதுக்கு சார் அடி?"

"முன்கூட்டியே அடிக்கிறாங்க."

காவலாளி குழம்பிப்போய்க் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார். சற்று நேரம் 'ம்' கொட்டிவிட்டு வைத்தார். "முன்பதிவு செய்யலாமாம். கூட்டம் இல்லாத நேரமாம்."

உள்ளே டயர்க்காரர் கையை ஓங்கினார். தேக்கு மரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கி, டாக்டரின் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டியது. டயர்க்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "வரலயே டாக்டர். கை வரலயே."

"தள்ளுங்க, நான் அடிக்கறேன்" என்று பெரிய சிஸ்டர் புடவையை இழுத்துச் சொருகினார்.

"ஊழியர ஊழியர் அடிச்சா கணக்குல வராது சிஸ்டர்" என்றார் காவலாளி. "அது வேற பிரிவு. இன்னும் கட்டல."

பாப்பாவின் அம்மா பிள்ளையைச் சிஸ்டர் கையில் கொடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். மூலையில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பம் நின்றது. அதை இரண்டு கையாலும் தூக்கினாள். "மன்னிச்சிருங்க" என்று அவள் சொன்னது டாக்டரின் காதில் விழுந்தது. கம்பம் நெற்றியில் விழுந்தது. தோல் பிளந்து, ரத்தம் கண்ணை மறைத்து, மூக்கு வழியாக வழிந்து வாயில் உப்புக் கரித்தது. டாக்டர் முழங்காலில் விழுந்தார்.

"இப்ப தெரியுதா?" என்று அவள் காவலாளியைப் பார்த்தாள். கம்பம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"நல்லாவே தெரியுதும்மா" என்று காவலாளி கண்ணாடித் தடுப்பைத் திறந்தார்.

டாக்டரை மெத்தைக் கட்டிலில் கிடத்தி முகமூடியை மாட்டினார்கள். அதை அவர் கழற்றிப் பாப்பாவுக்கு நீட்டினார். காவலாளி பதறினார். "சார், அது உங்க முகத்துப் பக்கத்துலதான் இருக்கணும். எனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு." அதனால் பெரிய சிஸ்டர் பாப்பாவை டாக்டரின் நெஞ்சின்மேல் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு முகத்துக்கும் நடுவில் முகமூடியை வைத்தார். பங்கு கேட்கக் கூடாது என்று டாக்டர் மூச்சை அடக்கினார். முடியாதபோது தலையைத் திருப்பி வெளிக்காற்றை ஒரு வாய் இழுத்துவிட்டு மறுபடி அடக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பாப்பாவின் உதட்டில் நீலம் வடிந்தது. பிறகு பாப்பா வீறிட்டு அழுதாள். நுரையீரல் பிரச்சினை உள்ள பிள்ளை அழுகிற அழுகை அல்ல; ஊரைக் கூட்டுகிற அழுகை.

ஓர் அடிக்கு ஒரு நாள்தான் ஆக்சிஜன். பாப்பாவின் நுரையீரல் தேறவோ பல வாரம் ஆகும். அதனால் தினமும் காலையில் அவள் அம்மா முகம் கழுவி, தலை வாரி, கம்பத்தோடு வந்து நிற்பாள்.

"இப்ப அடிக்கட்டுங்களா? டீ குடிச்சிட்டீங்களா?"

"குடிச்சாச்சும்மா. இன்னைக்கு இடது பக்கம்."

மற்ற பெற்றோருக்கும் விஷயம் எட்டியது. வரிசை நின்றது. பெரிய சிஸ்டர் வரிசையை ஒழுங்குபடுத்தினார். "மூக்குல அடிங்கம்மா, சட்டுனு ரத்தம் வரும். நெத்தி வேணாம், அவர் யோசிக்கணும். வலது கையத் தொடாதீங்க, ஊசி போடணும்." சிலர் அழுதுகொண்டே அடித்தார்கள். ஒரு மாமியார் மட்டும் மருமகனை நினைத்துக்கொண்டு அடித்தார். அன்று டாக்டரின் விலா எலும்பு ஒன்று முறிந்தது. டாக்டரின் பக்கத்தில் குழந்தைகளை நெருக்கி அடுக்கினார்கள். அவர்கள் வாயில் பால் வாசனையும் அவர் வாயில் ரத்த வாசனையும் கலந்து வந்தன.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் மேலும் கீழும் பார்ப்பாள்.

"காலையில முழுசா அனுப்பின ஆளு. மிச்சத்த யார்கிட்ட கேக்கறது?"

"பல்லு ஒண்ணுதான்."

"பாப்பா?"

"மூச்சு விடறா."

"அப்ப சரி. திரும்புங்க, முதுகுக்கு மருந்து போடறேன்." களிம்பைத் தடவுவாள். பிறகு, "ஒரு நாள் உங்க மூச்சு நின்னுபோச்சுன்னா நான் யார அடிக்கறது?" என்பாள்.

பேரனைக் காப்பாற்றும் உற்சாகத்தில் ஒரு தாத்தா விட்ட குத்தில் தாடை எலும்பு உடைந்தது. பல்லுக்குப் பல் கம்பி கட்டினார்கள். இடது கையும் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. மூச்சு டாக்டரால் இனிமேல் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச முடியும். ஆனால் அந்த வார்டில் குழந்தைகள் சாவது நின்றுபோயிருந்தது.

இது கண்காணிப்பாளரின் கண்ணில் பட்டது. அடி கூடியிருக்கிறது; சாவு குறைந்திருக்கிறது. செய்தி தலைமையகத்துக்குப் பறந்தது. செயலாளர் உடனே கிளம்பி வந்தார், வெள்ளை ஆம்புலன்ஸ் பின்தொடர.

ஆஸ்பத்திரி முற்றத்தில் மேடை. நாற்காலியில் மூச்சு டாக்டர், கழுத்தில் பதக்கம். பக்கத்தில் திட்டத்தின் பலனைக் காட்டுவதற்காகப் பாப்பாவும் அவள் அப்பா அம்மாவும். படத்துக்கு அசிங்கமாக இருக்கும் என்று பாப்பாவின் முகத்திலிருந்து முகமூடியை எடுத்துவிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம்தானே என்றார் கண்காணிப்பாளர்.

செயலாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"பல வருஷமா நம்மள எல்லாரும் ஏமாத்திட்டாங்க. குழந்தைகள் பிழைக்க மருந்து வேணும், மெஷின் வேணும், ஆக்சிஜன் வேணும்னாங்க. இந்த ஆஸ்பத்திரி உண்மையக் கண்டுபிடிச்சிருக்கு. டாக்டரை அடிச்சா குழந்தை பிழைக்குது. இதுவரைக்கும் ஏன் பிழைக்கல? நாம அடிச்ச நேரம் தப்பு. செத்த அப்புறம் அடிச்சோம். முன்னாடியே அடிக்கணும். நாளையிலிருந்து நாடு முழுக்க எல்லாக் குழந்தை டாக்டருக்கும் காலையில அடி. இன்னொரு சந்தோஷச் செய்தி. வீண் செலவையும் கண்டுபிடிச்சோம். அடி வார்டுல ரெண்டு சிலிண்டர் சும்மா நின்னுட்டிருந்தது. அடியே வேலை செய்யறப்போ அது எதுக்கு? இன்னைக்குக் காலையில எடுத்துட்டோம்."

கூட்டம் கைதட்டியது. மேடையில் சிலர் மட்டும் தட்டவில்லை. பாப்பாவின் அம்மா பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு டாக்டர் ஏற்கெனவே எழுந்து, பாப்பாவின் நெஞ்சில் காதை வைத்திருந்தார். விலா குழிந்தது. உதடு நீலம்.

பெரிய சிஸ்டர் வார்டுப் பக்கமிருந்து கையை விரித்துக் காட்டினார். அங்கேயும் ஒன்றும் இல்லை.

பாப்பாவின் அம்மா பழக்க தோஷத்தில் ஒலிபெருக்கி வைத்த இரும்புக் காலைப் பிடித்தாள். டாக்டரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தன்னை அடித்துப் பிரயோசனம் இல்லை. அவருடைய பார்வை மேடையைத் தாண்டி, நிழலில் நின்ற வெள்ளை ஆம்புலன்ஸுக்குப் போனது. அதன் கதவில் சாய்ந்து நின்ற டிரைவருக்குப் போனது. அங்கிருந்து மெல்லத் திரும்பிச் செயலாளரின் முகத்தில் வந்து நின்றது. நல்ல, வழுவழுப்பான, ஒரு கீறலும் இல்லாத முகம்.

டாக்டர் தூளியிலிருந்து இடது கையை உருவினார். அது அவரோடு ஒத்துழைக்கவில்லை. வலது கையை ஓங்கினார். அந்தக் கையை யாரோ இதமாகப் பிடித்துக் கீழே இறக்கினார்கள்.

"ஊசி போடற கை டாக்டர். வீணாக்காதீங்க" என்றார் டயர்க்காரர். "உங்களை அடிக்கத்தான் எனக்குக் கை வரல."

தேக்கு மரம் இறங்கிய சத்தம் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. செயலாளர் கண்காணிப்பாளரின் மடியில் போய் விழுந்தார். நாற்காலி, பூங்கொத்து, கண்காணிப்பாளர் எல்லாம் சேர்ந்து மேடையிலிருந்து உருண்டன. எழுந்த செயலாளரை டயர்க்காரர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, மூக்கில் இன்னொன்று வைத்தார். பெரிய சிஸ்டர் சொல்லிக்கொடுத்த இடம்தான். ரத்தம் வெள்ளைச் சட்டையில் பொலபொலவென்று கொட்டியது. காவலர்கள் பாய்ந்து டயர்க்காரரைத் தடியால் அடித்து மண்ணில் சாய்த்தார்கள். பூட்ஸ் காலால் மிதித்தார்கள். மிதிபட்டபடியே அவர் ஆம்புலன்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது.

டிரைவரும் உதவியாளரும் ஸ்ட்ரெச்சரோடு பறந்து வந்தார்கள். செயலாளரை ஏற்றினார்கள். சிலிண்டரைத் திருகினார்கள். உஸ்ஸென்ற அந்தச் சத்தம் மூச்சு டாக்டரின் காதில் தேனாகப் பாய்ந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறியவர், பிள்ளையைச் செயலாளரின் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டு, முகமூடியை இரண்டு முகத்துக்கும் நடுவில் நகர்த்தினார்.

செயலாளர் பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்தார். "யாருய்யா இது? யார் குழந்தை?"

பின்னால் வார்டிலிருந்து தாய்மார்கள் ஆளுக்கொரு பிள்ளையோடு ஆம்புலன்ஸை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மூச்சு டாக்டர் கம்பி கட்டிய பல்லைக் கடித்தபடி, நோயாளிகளிடம் பேசும் அதே கனிவான குரலில் சொன்னார்:

"மூச்சை அடக்குங்க சார். இன்னும் நிறையப் பேர் இருக்காங்க."